உடைந்த இடத்தைக் கடக்கும் விதி

பிறை தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு எஃகு பிராக்கெட்டின் உள்மூலை என்னை மூன்று நாள் படுத்தி எடுத்தது. ‘ட’ வடிவ பிராக்கெட். கணினியில் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சுமை ஏற்றி, எங்கே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்க்க வேண்டும். மற்ற இடங்களிலெல்லாம் எண் ஒழுங்காக வந்தது. அந்த மூலையில் மட்டும், கட்டங்களைச் சிறிதாக்க ஆக்க எண் ஏறிக்கொண்டே போனது.

“அண்ணே, எண்ணு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது,” என்றேன் பக்கத்து மேசை சீனியரிடம்.

“நிக்காதுடா தம்பி. கூர் மூலைல என்னைக்கும் நிக்காது. அது கணக்குல இருக்குற பேய். ஒரு ரேடியஸ் போட்டு வளைச்சு விடு, ஓடிரும்.”

3 மில்லிமீட்டர் ரேடியஸ் போட்டேன். எண் நின்றது. 5 மில்லிமீட்டர் போட்டுப் பார்த்தேன். வேறொரு எண்ணில் நின்றது. நிஜ பிராக்கெட்டின் மூலை எப்படியும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும் என்பதால் பொறியியலுக்கு அது போதும், அறிக்கை போய்விட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நான் கொடுத்த எண்கள் எல்லாம் நான் தேர்ந்தெடுத்த வளைவின் எண்கள். அந்த மூலைக்கே சொந்தமான எண் என்று ஏதாவது உண்டா?

கணிதம் படித்துவிட்டு இப்போது டியூஷன் நடத்தும் நண்பன் ஒருவன் உண்டு. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன். சிரித்தான். “நீங்க மூலைய வளைச்சிட்டு கணக்கு போடுறீங்க. ரெண்டு பேரு வளைக்காமலே போட்டாங்கடா. அம்பது வருஷம் ஆச்சு.”

அப்படித்தான் மார்க் கோரெஸ்கி, ராபர்ட் மேக்பெர்சன் என்ற பெயர்கள் எனக்கு அறிமுகமாயின. அவர்கள் கண்டுபிடித்ததன் பெயர் இன்டர்செக்‌ஷன் ஹோமாலஜி. இந்தக் கட்டுரையில் வெட்டு ஹோமாலஜி என்றே எழுதுகிறேன். அதன் மறுபக்கமான கோஹோமாலஜியையும் இங்கே பெரிதாகப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. நான் கணித ஆய்வாளன் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்தவன். கணக்கைப் புரிந்துகொள்ளப் போனவனை அதன் வரலாறு இழுத்துக்கொண்டது. அந்த வரலாற்றில் வடிவங்கள் மட்டும் உடையவில்லை.

*

1895-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி புவான்கரே ‘அனாலிஸிஸ் சீட்டுஸ்’ என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டார். ஒரு வடிவத்தை இழுத்தாலும் நசுக்கினாலும் மாறாமல் இருக்கும் எண்களைத் தேடும் கட்டுரை அது.

ஓர் உளுந்து வடையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மாவை மறந்துவிட்டு மேல்தோலை மட்டும் நினையுங்கள். அது எத்தனை துண்டு? 1. சுருக்கிப் புள்ளியாக்க முடியாத வளையங்கள் எத்தனை வகை? 2. ஒன்று ஓட்டையைச் சுற்றி வருவது, இன்னொன்று ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வருவது. அந்தத் தோல் அடைத்து வைக்கும் வெற்றிடம் எத்தனை? 1. ஆக, வடையின் எண்கள் 1, 2, 1. ஒரு பந்தின் தோலுக்கு 1, 0, 1.

இந்த எண்களை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். புவான்கரே கண்ட இரட்டைத்தன்மை இது. வெறும் தற்செயல் இல்லை. வடையின் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று ஒரே ஒரு புள்ளியில் வெட்டுகின்றன. ஒவ்வொரு வளையத்துக்கும் அதை வெட்டும் ஒரு ஜோடி இருக்கிறது. அந்த ஜோடிப் பொருத்தம்தான் எண்களின் சமச்சீருக்குக் காரணம். ‘வெட்டு’ என்ற சொல் இங்கிருந்துதான் வருகிறது. 1898-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் ஹேகார்ட் தன் ஆய்வேட்டில் புவான்கரேயின் வாதத்தில் இருந்த ஓட்டையைக் காட்டினார். புவான்கரே அதை ஏற்று, அடுத்தடுத்த இணைப்புக் கட்டுரைகளில் சரி செய்தார்.

ஆனால் இந்தச் சமச்சீருக்கு ஒரு நிபந்தனை உண்டு. வடிவத்தில் எந்தப் புள்ளிக்கு அருகே போய்ப் பார்த்தாலும் அது வழவழப்பாக, தட்டையான வெளியின் ஒரு துண்டு போலத் தெரிய வேண்டும். இரண்டு எலுமிச்சையை ஒரே ஒரு புள்ளியில் தொட்டு நிற்கும்படி வையுங்கள். தோல்கள் அந்தப் புள்ளியில் ஒட்டியிருக்கின்றன. துண்டு 1. வளையம் 0. வெற்றிடம் 2. எண்கள் 1, 0, 2. திருப்பிப் படித்தால் பொருந்தவில்லை. ஒரே ஒரு புள்ளி முழுக் கணக்கையும் கெடுத்துவிட்டது.

யாரும் எலுமிச்சையை அப்படி ஒட்டப் போவதில்லையே என்று விட்டுவிட முடியாது. சமன்பாடுகளால் வரையறுக்கப்படும் வடிவங்களை ஆராய்வது இயற்கணித வடிவியல். அங்கே ‘இரண்டு எண்களைப் பெருக்கினால் பூஜ்யம்’ என்ற மிக எளிய சமன்பாட்டை எடுத்து, கலப்பெண்களில் வரைந்து, முடிவிலிப் புள்ளிகளையும் சேர்த்தால் கிடைப்பது அந்த இரண்டு எலுமிச்சைதான். சமன்பாடுகளின் உலகில் உடைந்த புள்ளிகள் அன்றாட விஷயம்.

வளைத்துவிடும் வழி அங்கேயும் உண்டு. 1964-ல் ஜப்பானியரான ஹெய்சுகே ஹிரோனாகா, நம் வழக்கமான எண்களின் மேல் அமைந்த எந்த உடைந்த வடிவத்தையும் வழவழப்பாக்க முடியும் என்று நிரூபித்தார். என் சீனியர் சொன்ன ரேடியஸின் மாபெரும் வடிவம் அது. ஆனால் என் பிரச்சினை அங்கேயும் இருந்தது. ஒரே வடிவத்தைப் பல விதமாக வழவழப்பாக்கலாம், ஒவ்வொன்றும் வேறு எண்களைத் தரலாம். எது அசல் வடிவத்துக்குச் சொந்தம்?

*

இந்த இடத்தில் இன்னொரு கதை வந்து சேர்கிறது. சேரும் இடம் பாரிஸுக்கு அருகே பூர்-சூர்-இவெட் என்ற ஊரில் உள்ள ஐ.எச்.இ.எஸ். ஆய்வு நிறுவனம்.

1940-ல், ராணுவச் சேவைக்குப் போகாத குற்றத்துக்காக பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் இருந்தார் ஆந்த்ரே வெய். அங்கே அவர் எழுதிய கணிதத்தின் தொடர்ச்சியாக, 1949-ல் சில ஊகங்களை வெளியிட்டார். கடிகாரத்தில் 12-க்குப் பிறகு மறுபடி 1 வருவது போல, ஒரு பகா எண்ணோடு சுற்றி வரும் எண் உலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்தில் ஒரு சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள் என்பதை, அதே சமன்பாடு கலப்பெண்களில் வரையும் வடிவத்தின் துளைகள் கட்டுப்படுத்துகின்றன என்பதுதான் அவர் ஊகத்தின் சாரம். எண்ணிக்கைக்கும் துளைக்கும் என்ன உறவு என்று யாருக்கும் திகைப்பு வரும்.

இதை நிரூபிக்க, கடிகார எண்களின் உலகத்திலும் துளைகளை எண்ணும் கருவி வேண்டும். அலெக்சாண்டர் க்ரோதண்டீக்கும் அவருடைய கூட்டாளிகளும் 1960-களில் அதைக் கட்டினார்கள். கட்டி முடித்தபோது ஒன்றல்ல, பல கருவிகள் கையில் இருந்தன. பகா எண்ணுக்கு ஒன்றாக ஒரு வரிசை. அது போக வகையீட்டு வழியில் ஒன்று, பழைய புவான்கரே வழியில் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்ப்பாதை இல்லாத இடத்திலும் எல்லாம் ஒரே எண்களையே கொடுத்தன.

ஒரே ராகத்தை நாதஸ்வரத்தில் கேட்கிறோம், வீணையில் கேட்கிறோம், வயலினில் கேட்கிறோம். கருவி வேறு, நாதம் வேறு. ராகம் எங்கே இருக்கிறது? 1964 ஆகஸ்ட் 16 தேதியிட்டு நண்பர் ஜான்-பியர் செருக்கு எழுதிய கடிதத்தில் க்ரோதண்டீக் அந்த ராகத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: மோட்டிவ். எல்லாக் கோஹோமாலஜிகளுக்கும் பின்னால் ஒரே மூலம், ஒவ்வொன்றும் அதன் ஒரு வெளிப்பாடு.

மூலம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, கட்டிக் காட்ட வேண்டும். அதற்குத் தேவையான அஸ்திவாரத்தை அவர் சில ஊகங்களாக எழுதினார். பம்பாயில் டாட்டா ஆய்வு நிறுவனம் 1968-ல் நடத்திய இயற்கணித வடிவியல் மாநாட்டின் தொகுப்பில் அவை வெளிவந்தன. ‘நியம ஊகங்கள்’ என்று தமிழில் சொல்லலாம். அவை உண்மையானால் வெய்யின் ஊகங்கள் தானாகக் கனிந்து விழும்; மோட்டிவும் கனவு என்ற நிலையிலிருந்து இறங்கி வரும். பொதுவான நிலையில் அவை இன்றும் நிரூபிக்கப்படவில்லை.

1970-ல் க்ரோதண்டீக் ஐ.எச்.இ.எஸ்-ஐ விட்டு வெளியேறினார். நிறுவனத்துக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி ராணுவ அமைச்சிலிருந்து வருகிறது என்று தெரிந்ததை அவர் தாங்கிக்கொள்ளவில்லை. 1973-ல் அவருடைய மாணவர் பியர் டெலீன், வெய்யின் கடைசி ஊகத்தை நிரூபித்தார். 1974-ல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் குரு போட்டு வைத்த பாதையில் அவர் போகவில்லை. நியம ஊகங்களைத் தொடாமல், வேறு சந்து வழியாக நுழைந்து கோட்டையைப் பிடித்தார்.

அந்த வெற்றியில் நமக்குத் தெரிந்த ஒருவருக்கும் பங்கு உண்டு. 1916-ல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, ராமானுஜன் ஒரு முடிவில்லாப் பெருக்கத்தை விரித்து அதில் வரும் எண்களைப் பட்டியலிட்டார். டௌ என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் எண்கள். 2-க்கு −24, 3-க்கு 252, 5-க்கு 4830, 6-க்கு −6048. −24-ஐ 252-ஆல் பெருக்கிப் பாருங்கள், −6048 வரும். இந்தப் பெருக்கல் ஒழுங்கை அடுத்த வருடமே மோர்டெல் நிரூபித்துவிட்டார். ராமானுஜனின் இன்னொரு ஊகம்தான் பிடி கொடுக்கவில்லை: பகா எண்ணுக்குரிய டௌ, குறியை விட்டுவிட்டால், அந்தப் பகா எண்ணின் ஐந்தரை அடுக்கின் இரு மடங்கைத் தாண்டாது. 2-க்கு எல்லை ஏறக்குறைய 90.5, டௌ 24. 3-க்கு எல்லை ஏறக்குறைய 841.8, டௌ 252. எப்போதும் ஏன் அப்படி?

டௌ ஒரு வடிவத்தின் துளைகளிலிருந்து வருவதால்தான். 11 பரிமாணமுள்ள ஒரு வெளி உண்டு; ஐந்தரை என்பது அந்த 11-இன் பாதி. வெய்யின் ஊகங்கள் நிரூபணமானால் ராமானுஜனின் ஊகமும் நிரூபணமாகும் என்று 1960-களின் இறுதியில் டெலீன் காட்டியிருந்தார். 1974-ல் இரண்டும் சேர்ந்தே முடிந்தன. ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அந்த 11 பரிமாண வெளிக்கு ஓரங்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றை மூடினால் மூடிய இடத்தில் வெளி உடைகிறது. டெலீன் அந்த ஓரங்களைத் தாண்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கோஹோமாலஜியை எடுத்துக்கொண்டார். அது என்ன என்பதற்குப் பொதுப் பெயர் அப்போது இல்லை.

*

பெயர் அதே 1974-இல், அதே ஐ.எச்.இ.எஸ்-இல் பிறக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து மேக்பெர்சனும் அவருடைய ஆய்வு மாணவர் கோரெஸ்கியும் அந்த இலையுதிர் காலத்தில் அங்கே இருந்தார்கள். புவான்கரேயின் சமச்சீரை உடைந்த வடிவங்களுக்கும் மீட்டுத் தர முடியுமா என்பது அவர்கள் கேள்வி.

விடை ஓர் எளிய விதி. வடிவத்தை மாற்ற வேண்டாம், மூலையை வளைக்க வேண்டாம். எந்த வளையங்களை எண்ணலாம், எவற்றை எண்ணக்கூடாது என்று மட்டும் கட்டுப்படுத்துங்கள். உடைந்த இடத்தின் வழியே ஒரு வளையமோ பரப்போ எவ்வளவு தூரம் நுழையலாம் என்பதற்கு ஓர் அளவு வையுங்கள்.

எலுமிச்சைக்குத் திரும்புவோம். தொடும் புள்ளியின் வழியே கோடுகள் போகக்கூடாது, பரப்புகள் போகலாம் என்பது அங்கே விதி. இப்போது ஒரு பழத்தின் தோலில் ஊரும் எறும்பு மற்றப் பழத்துக்குப் போக வழியில்லை. அதனால் துண்டுகள் 2. வளையம் 0. வெற்றிடம் 2. எண்கள் 2, 0, 2. சமச்சீர் திரும்பி வந்துவிட்டது! வடையை ஓரிடத்தில் நூல் கட்டி ஒரு புள்ளியாக நெரித்தாலும் இதே விதி வேலை செய்கிறது. அங்கே 1, 0, 1 வரும்.

உடைந்த இடத்தை ஒழுங்காகக் கடக்கும் ஒரு பரப்பு அங்கே இவ்வளவுதான் படும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டி எவ்வளவு அனுமதிக்கலாம் என்ற சலுகையை அவர்கள் ‘பெர்வெர்சிட்டி’ என்று அழைத்தார்கள். முறை தவறும் அளவு என்று சொல்லலாம். எங்கள் தொழிலில் இதற்கு டாலரன்ஸ் என்று பெயர்: ஓட்டைக்கும் ஆணிக்கும் இடையே எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. இங்கே அழகு என்னவென்றால், சலுகைகள் ஜோடியாக வருகின்றன. உடைந்த பகுதி முழு வெளியைவிட 4 பரிமாணம் குறைவானால், ஜோடிகளின் சலுகைகள் சேர்ந்து 2 வரவேண்டும். 6 குறைவானால் 4. எப்போதும் 2 கழித்து வருவது. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும். சரிபாதியாகப் பிரித்தால்? அப்போது வளையங்களும் அவற்றின் ஜோடிகளும் ஒரே விதிக்குள் வந்துவிடுகின்றன, வடையில் இருந்தது போலவே. கலப்பெண்களில் வரையும் வடிவங்களில் இந்தப் பரிமாணக் குறைவு எப்போதும் இரட்டைப்படை என்பதால் சரிபாதி எப்போதும் சாத்தியம்.

1977-ல் சுருக்க அறிவிப்பு, 1980-ல் முதல் கட்டுரை, 1983-ல் இரண்டாவது. இரண்டாவது கட்டுரையில் டெலீன் தந்த இன்னொரு கட்டுமானமும் இருந்தது. வடிவத்தை எப்படித் துண்டு போட்டாலும் இந்த எண்கள் மாறுவதில்லை, அவை வடிவத்துக்கே சொந்தம் என்பதை அவர்கள் அதைக்கொண்டு காட்டினார்கள். என் பழைய கேள்வியை வடிவங்களின் உலகத்தில் யாரோ கேட்டு முடித்துவிட்டார்கள் என்று நான் உணர்ந்தது அந்த வரியில்தான்.

*

1981 ஜூலையில் மார்சேய் நகருக்கு அருகே லூமினியில் ஒரு மாநாடு நடந்தது. அதிலிருந்து வந்த நூல் 1982-ல் ‘ஆஸ்தெரிஸ்க்’ வரிசையின் 100-ஆவது இதழாக வெளியானது. அலெக்சாண்டர் பெய்லின்சன், ஜோசப் பெர்ன்ஸ்டைன், டெலீன் மூவரும் ஆசிரியர்கள். தலைப்பில் அந்தச் சலுகையின் பெயரே இருந்தது: பெர்வெர்ஸ் ஷீஃப்கள்.

அந்த நூலின் மையத்தில் ஒரு தேற்றம் இருக்கிறது. சிதைவுத் தேற்றம் என்பார்கள். ரேடியஸ் உதாரணத்துக்குப் பொருத்திச் சொன்னால் இப்படி வரும்: உடைந்த வடிவத்தை நீங்கள் எந்த விதமாக வழவழப்பாக்கினாலும், கிடைக்கும் கோஹோமாலஜிக்குள் அசல் வடிவத்தின் வெட்டுக் கோஹோமாலஜி ஒரு முழுத் துண்டாக அப்படியே உட்கார்ந்திருக்கும். மீதி எல்லாம் நீங்கள் போட்ட வளைவு கொண்டுவந்த உபரி. வெய்யின் ஊகம் வழவழப்பான வடிவங்களில் எந்த ஒழுங்கைக் கேட்டதோ, அதே ஒழுங்கு உடைந்த வடிவங்களின் வெட்டுக் கோஹோமாலஜியிலும் இருக்கிறது என்பதும் அங்கே நிறுவப்பட்டது. அதில் ஓஃபர் காபரின் பங்கு பெரியது.

ராமானுஜனின் டௌவுக்காக டெலீன் முன்பு எடுத்துக்கொண்ட அந்தப் பெயரில்லாக் கோஹோமாலஜி எது என்று இப்போது சொல்ல முடிந்தது. அது வெட்டுக் கோஹோமாலஜிதான். 1990-ல் அந்தோனி ஷோல் டௌவுக்கும் அது போன்றவற்றுக்கும் உரிய மோட்டிவையே கட்டிக் காட்டினார். 1916-இன் பட்டியலில் இருந்த −24-உம் 252-உம் ஒரு ராகத்தின் ஸ்வரங்கள் என்று தெரிய 74 வருடம் ஆனது.

*

இங்கேதான் மனிதர்கள் உடைகிறார்கள்.

கணித உலகை விட்டு விலகியிருந்த க்ரோதண்டீக், 1983 முதல் 1986 வரை ‘ரேகோல்ட் ஏ செமாய்’ என்ற நூலை எழுதினார். ‘அறுவடைகளும் விதைப்புகளும்’ என்று பொருள். ஆயிரம் பக்கங்களுக்கு மேல். தட்டச்சுப் பிரதிகளாகத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். முறையான பதிப்பாக காலிமார் வெளியிட்டது 2022-ல்தான், அவர் இறந்து ஏழு வருடம் கடந்த பிறகு. தியானமும் கணிதமும் கோபமும் கலந்த புத்தகம். தன் கருத்துகளையும் தன்னையும் மாணவர்கள் உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்பது அதன் ஓயாத புலம்பல்.

1982-ல் வந்த இரண்டு நூல்கள் அவரைக் குத்தின. ஒன்று மோட்டிவ்கள் பற்றி டெலீனும் மற்ற மூவரும் எழுதிய தொகுப்பு. தான் பெற்ற குழந்தையைத் தன் பெயருக்கு உரிய இடம் தராமல் ஊருக்குக் காட்டுகிறார்கள் என்றார். மற்றது லூமினி நூல். வகையீட்டுச் சமன்பாடுகளுக்கும் பெர்வெர்ஸ் ஷீஃப்களுக்கும் இடையே பாலம் போடும் ரீமன்–ஹில்பர்ட் தொடர்பு அந்த மாநாட்டின் பின்னணியில் முக்கியமானது. அதைத் தனியாக உழைத்துக் கண்ட ஸோக்மான் மெப்கூட் என்ற அல்ஜீரியரின் பெயர் எங்கேயும் இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்த மாநாட்டை அவர் ‘பெர்வெர்ஸ் மாநாடு’ என்றே எழுதினார்; அந்தச் சொல்லின் வசைப் பொருளோடு.

அந்தப் பகுதியை நான் முதலில் படித்தபோது எனக்கு ரத்தம் சூடேறியது. காரணம் சொந்தமானது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கன்வேயர் தாங்கியில் விழுந்த விரிசலை நான்கு மாதம் ஆராய்ந்தேன். கணக்கு முழுக்க என்னுடையது. இறுதி அறிக்கையின் முன்பக்கத்தில் மூன்று பெயர்கள், என்னுடையது இல்லை. கேட்டதற்கு, “அடுத்த ரிப்போர்ட்ல போட்டுக்கலாம், இதுல என்னா இருக்கு,” என்றார்கள். இரவு உட்கார்ந்து நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என்ன என்ன செய்தேன் என்று தேதி வாரியாக. அனுப்பியும் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

மெப்கூட்டின் கதையில் என்னைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்து படித்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாலத்தை மெப்கூட் மட்டும் போடவில்லை. ஜப்பானின் மசாகி காஷிவாராவும் ஏறக்குறைய அதே 1980 வாக்கில் தனியாக அங்கே வந்து சேர்ந்திருந்தார். 2025-ல் ஏபல் பரிசு பெற்றவர் அவர். விடுபட்ட ஒரு பெயருக்காக அத்தனை ஆவேசமாக எழுதிய க்ரோதண்டீக், காஷிவாராவுக்கு நியாயம் செய்யவில்லை என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. அதைப் படித்த அன்று என் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த விரிசலை முதலில் கண்டது நான் இல்லை. இரவு ஷிப்டில் இருந்த நேப்பாளத் தொழிலாளி ஒருவர். சாக்பீஸால் வட்டம் போட்டு, தேதி எழுதி, தினமும் அது எவ்வளவு நீள்கிறது என்று கோடு கிழித்து வைத்திருந்தார். அந்தக் கோடுகள்தான் என் கணக்கின் தரவு. என் நீண்ட மின்னஞ்சலில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பெயர் தெரியாமல் இல்லை. ஒரு மாதம் அவரோடு நின்றிருக்கிறேன்.

அதற்கப்புறம் இந்த வரலாற்றில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது. லூமினி நூலிலேயே வேறொரு பெயரின் கதையும் இருக்கிறது. காபரும் அதன் ஆசிரியராக இருப்பதாகத்தான் முதலில் பேச்சு. நூலில் இருக்கக்கூடிய பிழைகளுக்கும் துல்லியக் குறைவுகளுக்கும் பொறுப்பேற்க விரும்பாமல் அவரே விலகிக்கொண்டார் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். 2018-ல் மறுபதிப்பு வந்தபோது நான்காவது பெயராக அவர் சேர்க்கப்பட்டார். ஒரே மாநாட்டின் நிழலில், விடுபட்டதாகச் சொல்லப்படும் பெயர் ஒன்று, வேண்டாம் என்று விலகி 36 வருடம் கழித்துத் திரும்பிய பெயர் ஒன்று.

*

மோட்டிவ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி வந்திருக்கிறது. 2002-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற விளாடிமிர் வொயெவோட்ஸ்கி, க்ரோதண்டீக் கனவு கண்ட உலகத்துக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்தைக் கட்டினார். எல்லா மோட்டிவ்களும் அதற்குள் கட்டுக்கட்டாகச் சுருண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டுகளைப் பிரித்து மோட்டிவ்களைத் தனித்தனியாக எடுக்க ஒரு வெட்டுக்கத்தி வேண்டும். அப்படி ஒரு கத்தி எப்படி இருக்க வேண்டும் என்ற பொது வரையறையும், அது வேலை செய்யும் முதல் பெரிய உதாரணமும் வந்தது எங்கிருந்து தெரியுமா? லூமினி நூலிலிருந்துதான். ‘டி-அமைப்பு’ என்று பெயர். பெர்வெர்ஸ் ஷீஃப்களைச் சுருளிலிருந்து பிரித்தெடுக்க உண்டான கருவி அது.

2010-ல் பெய்லின்சன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வொயெவோட்ஸ்கியின் மண்டபத்தில் அப்படி ஒரு டி-அமைப்பு இருக்கிறது என்று காட்டிவிட்டால், நம் வழக்கமான எண்களின் உலகத்திலாவது, 1968 பம்பாய்த் தொகுப்பில் வந்த நியம ஊகங்கள் அதிலிருந்து வந்துவிடும். அதாவது க்ரோதண்டீக் எதை வசை சொல்லி ஒதுக்கினாரோ, அந்த மாநாட்டில் தீட்டிய கத்திக்காக அவருடைய சொந்தக் கனவு காத்திருக்கிறது. லூமினி நூலின் மூன்று ஆசிரியர்களில் ஒருவரே அதை எழுதிக் காட்டினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

க்ரோதண்டீக் 2014 நவம்பர் 13 அன்று காலமானார், பைரெனீஸ் மலையடிவாரத்தில் பல வருடத் தனிமைக்குப் பிறகு. அந்த டி-அமைப்பை இதுவரை யாரும் கட்டவில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னபோது அவன் தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டு, “சரி, உன் பிராக்கெட் என்னாச்சு?” என்றான். பிராக்கெட் அப்படியே இருக்கிறது. இப்போதும் ரேடியஸ் போட்டுத்தான் கணக்கு எழுதுகிறேன், வேறு வழியில்லை. ஆனால் எந்த ரேடியஸ் என்று அறிக்கையில் குறிப்பிடுகிறேன். அதன் கீழே, ‘முதலில் கண்டவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். படிவத்தில் அப்படி ஓர் இடம் இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.